எரநூறு தன் வண்டிக்குப் பாட்டு வைத்தது

எரநூறு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. இருநூறு டன் பிரஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் நின்றதற்கு உடன் வேலை செய்தவர்கள் கொடுத்த பட்டம். தகட்டை உள்ளே தள்ளுவார். இரண்டு கையாலும் பொத்தான்களை அமுக்குவார். மேலிருந்து அச்சு இறங்கும். அந்த ‘டம்’ பூமிக்குள் போய்விட்டுத் திரும்பி உள்ளங்காலில் ஏறும். ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் தடவை. பக்கத்தில் இன்னும் பத்து பிரஸ்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம். அந்தக் கூடத்தில் யாரும் வாயால் பேசிக்கொண்டதில்லை. புருவத்தால் பேசினார்கள், கையால் திட்டிக்கொண்டார்கள்.

தொழிற்சாலை ஒருநாள் கேட்டைச் சாத்தியது. கைக்கு வந்த பணத்தில் எரநூறு ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி, ஒரு மரவேலைப் பட்டறைக்குக் கதவும் ஜன்னல் சட்டமும் ஏற்றிப்போகும் வேலையில் சேர்ந்துகொண்டார். வண்டிக்குப் பத்தொன்பது வயது. கியர் போட்டால் முனகும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும்; ஆனால் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகிற புத்தி அதற்குக் கிடையாது. டாஷ்போர்டில் ரேடியோ இருந்த இடத்தில் மட்டும் ஒரு பொந்து. முன்னாள் சொந்தக்காரன் பிடுங்கிக்கொண்டு போனதில் நாலு ஒயர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தன.

“இத்தனை வருஷம் இரும்பு அடிச்ச பாட்டைக் கேட்டாச்சு. இனிமே மனுஷன் பாடற பாட்டைக் கேக்கணும்” என்றார் மனைவியிடம்.

“கேளுங்க, யாரு வேணாம்னா?” என்றாள் அவள். வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். மெஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

புதுசாக எல்லாம் வாங்கிப் போட்டால் அது வண்டியின் விலையைத் தாண்டிவிடும். நாய் விற்ற விலையில் சங்கிலி வாங்க முடியாதே. அதனால் எரநூறு பழைய வண்டி உடைக்கிற இடத்தில் இரண்டு மாதம் சுற்றினார். நசுங்கிப்போன டாக்ஸி ஒன்றில் நல்ல செட் ஒன்று கிடைத்தது. யாரோ வேண்டாம் என்று கழற்றிய, சத்தத்தைக் கூட்டுகிற நாலு சேனல் ஆம்ப் ஒன்று, மூலையில் கீறல் மட்டும்தான். கதவுக்கு ஆறு இஞ்ச் ஸ்பீக்கர் கோன் இரண்டு, பேஸுக்கு எட்டு இஞ்ச் ஒன்று, கீச்சுக் குரலுக்கு நகக்கண் அளவில் இரண்டு ட்வீட்டர். புதுசாக வாங்கியது ஒயரும் ஃப்யூஸும்தான். அதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது, வண்டி பற்றிக்கொள்ளும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார்.

இந்த எலக்ட்ரீஷியன் பெட்ரோல் பங்குக்கு எதிரே கடை வைத்திருந்தவர். குள்ளமான மனுஷர், பொறுமைசாலி. பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயரை எடுத்து, ஒரு சாண் தூரத்திலேயே ஃப்யூஸ் வைத்து, தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு உள்ளே கொண்டுவந்து கொடுத்தது அவர்தான். மீதியெல்லாம் எரநூறே செய்தார். தகரம் அவருக்குத் தெரிந்த சாதி. கதவு என்பது வெறும் தகரம். அதைக் கட்டிப்போடாவிட்டால் தகரம்தான் பாடும், கோன் பாடாது. கூரை ஒழுகலுக்கு ஒட்டுகிற தார்ப்பட்டையை வெட்டி இரண்டு கதவுக்குள்ளும் இடைவெளியில்லாமல் ஒட்டினார். பட்டறையில் மிஞ்சிய ப்ளைவுட்டில் வளையம் அறுத்துக் கோனை உட்கார வைத்தார். சீட்டுக்குப் பின்னால் இருந்ததோ ஒரு சாண் இடம், அதுவும் கீழே அகலம், மேலே குறுகல். அதற்கேற்றபடி பேஸ் கோன் வைக்க ஆப்பு மாதிரி ஒரு பெட்டி செய்தார். மூட்டெல்லாம் பசை போட்டு, விளிம்பைத் தேய்த்து, கறுப்பு மேட் ஒட்டி முடித்தபோது பட்டறை முதலாளியே குனிந்து பார்த்து, “என்னய்யா, கம்பெனி பெட்டி மாதிரி இருக்கு!” என்றார். எரநூறுக்கு உச்சி குளிர்ந்தது.

சோதிக்கும்போது எலக்ட்ரீஷியன் ஆக்ஸிலேட்டரை மிதித்துக் கேட்டார். “கொசு மாதிரி ஒண்ணு கத்துது பாருங்க, எஞ்சின் ஏற ஏற அதுவும் ஏறுது. எர்த் சரியில்ல. கேக்குதா?”

“ம்” என்றார் எரநூறு. அவருக்குக் கொசுவும் கேட்கவில்லை, கிசுவும் கேட்கவில்லை. கடை வாசலில் அவ்வளவு பேர் நிற்கிற இடத்தில் இல்லையென்று சொல்லக் கூச்சம். எலக்ட்ரீஷியன் தரையில் பெயின்ட்டைச் சுரண்டி எர்த் ஒயரை மாற்றி முடுக்கி, “இப்பப் போச்சு” என்றார். “போச்சு போச்சு” என்று இவரும் தலையாட்டினார்.

பாட்டுப் போட்டதும் பேஸ் எழுந்து முதுகைத் தட்டிக்கொடுத்தது. ஆனால் பாடுகிறவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. ஜாலரா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. ட்ரெபிளைக் கடைசி வரை ஏற்றினார். மாற்றமில்லை. மறுநாள் ட்வீட்டர்களைக் கழற்றிக்கொண்டு போய், “இது செத்துப்போச்சு” என்றார். எலக்ட்ரீஷியன் வேறு ஜோடி கொடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவது ஜோடிக்கு எரநூறுக்குப் பொறுமை போய்விட்டது. கடையில் இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் நிற்க, “செத்த பொணத்தையெல்லாம் துடைச்சு எந்தலையில கட்டறியா? நானும் இரும்புல வேலை பாத்தவன்தான்யா. ஏமாத்தறதுக்கு வேற ஆளைப் பாரு” என்று சத்தம் போட்டார்.

எலக்ட்ரீஷியன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். வண்டிக்குள் எரநூறின் மனைவி உட்கார்ந்திருந்தாள். தைத்த திரைகளைக் கொடுக்கக் கூட வந்தவள், மடியில் பொட்டலம்.

“அம்மா, நீங்களும் கேளுங்க” என்று சொல்லிவிட்டுத் தன் போனை செட்டோடு இணைத்தார். பாட்டு இல்லை, ஒற்றைச் சத்தம். அடியில் உறுமலாக ஆரம்பித்து மெதுவாக மேலே ஏறியது. “கேக்கிற வரைக்கும் விரலைத் தூக்கி வைங்க, நின்னுட்டா இறக்குங்க.”

எரநூறு விரலைத் தூக்கினார். உறுமல் ஊதலாயிற்று, ஊதல் விசிலாயிற்று, விசில் மெலிந்து நூலாகி அறுந்தது. விரலை இறக்கிவிட்டு, “பாத்தியா? அதோட செத்துப்போச்சு” என்றார் வெற்றியோடு.

திரும்பிப் பார்த்தால் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, “நிறுத்தச் சொல்லுங்க, பல்லு கூசுது!” என்று கத்திக்கொண்டிருந்தாள். கடை வாசலில் நின்ற வாடிக்கையாளர்களும் காதில் கை வைத்திருந்தார்கள். எலக்ட்ரீஷியன் மட்டும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை நிறுத்திவிட்டு, கோபமே இல்லாமல், “ட்வீட்டர் நல்லாத்தாங்க இருக்கு” என்றார்.

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எரநூறு சண்டையாவது போட்டிருப்பார்.

வீட்டில் நுழைந்ததும், “உனக்குத் தெரியுமா?” என்றார்.

மனைவி பொட்டலத்தைக் கீழே வைத்தாள். “எது?”

“எனக்குக் காது போனது.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “காதுன்னு தெரியாது. நான் பேசறது உங்களுக்கு வேண்டாததாப் போச்சுன்னு நெனச்சேன். ஏழெட்டு வருஷமா. சமையல்கட்டுலேருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க. ஒண்ணு சொன்னா ஒண்ணுக்குப் பதில் சொல்வீங்க. வேணும்னேதான் பண்றீங்கன்னு… அப்புறம் நானும் சொல்றதை விட்டுட்டேன்.”

“என்னத்தை விட்டே?”

“எல்லாத்தையும்தான். சின்னச் சின்னதா சொல்றதுக்கு இருக்குமே, அதையெல்லாம்.”

எரநூறு எழுந்துபோய்ப் பரண்மேல் இருந்த தகரப்பெட்டியை இறக்கினார். தொழிற்சாலைக் கணக்கில் வருஷத்துக்கு ஒரு காதுப் பரிசோதனை உண்டு. பிரதி ஒன்று கையில் கொடுப்பார்கள். அத்தனையையும் அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றின் அடியிலும் ‘இயல்பு’ என்று இருந்தது. அதுவரை அவர் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறெதையும் படித்ததில்லை. அன்றுதான் மேலே இருந்த எண்களைப் பார்த்தார். முதல் இரண்டு வருஷமும் வேறு வேறு எண்கள். மூன்றாவது வருஷத்திலிருந்து கடைசி வரை ஒரே எண்கள். இருபது தாள், ஒரு புள்ளி வித்தியாசமில்லை. மனுஷனுக்கு இருபது வருஷத்தில் தலை நரைக்கிறது, பல் விழுகிறது. காது மட்டும் அசையாமல் நின்றிருக்கிறது.

ஒவ்வொரு தாளிலும் இரண்டு கையெழுத்து. ஒன்று அவருடையது. இன்னொன்று சேஃப்டி ஆபீசருடையது. அந்தச் சேஃப்டி ஆபீசர் வேறு யாருமில்லை, மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், எரநூறின் மச்சான். தொழிற்சாலைக்குள் இவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான்.

மனைவி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். “அண்ணன் கையெழுத்து” என்றாள், ஏதோ வேறு யாருடையதாகவாவது மாறிவிடாதா என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எரநூறு மச்சான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். மச்சான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், “வாங்க மாப்ளே! வண்டியில பாட்டெல்லாம் வச்சிருக்கீங்களாமே?” என்று சிரித்தபடி வந்தார்.

“ஏறுங்க மச்சான், கேட்டுப் பாருங்க.”

ஏறினார். எரநூறு கதவைச் சாத்தினார், கண்ணாடியை ஏற்றினார், எலக்ட்ரீஷியனிடம் வாங்கி வைத்திருந்த அந்த ஒற்றைச் சத்தத்தைப் போட்டார். அது ஏறியது. எரநூறுக்கு அறுந்துபோன இடம் வந்து போயிற்று. அதற்குமேல் அவருக்கு வண்டிக்குள் முழு அமைதி. அந்த அமைதியில் மச்சானின் முகம் கோணுவதையும், கை காதுக்குப் போவதையும், வாய் திறந்து மூடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மச்சான் தானே குமிழைத் திருகி நிறுத்தினார்.

“என்ன மாப்ளே இது விளையாட்டு? காது கிழிஞ்சுபோச்சு!”

“உங்களுக்குக் கிழியுது. எனக்குக் கேக்கவே இல்ல” என்று சொல்லி, இருபது தாளையும் அவர் மடியில் போட்டார்.

மச்சான் மேலாக இரண்டைப் பார்த்தார். மூன்றாவதைப் புரட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“டெஸ்ட் மெஷின் ரிப்பேரு. எழுதிக் கேட்டேன். இந்த வருஷம் அடுத்த வருஷம்னு சொன்னாங்க. ஃபைல் காலியா இருக்கக்கூடாது. நான் என்ன பண்ண?”

“மெஷின் இல்லன்னு எழுதியிருக்கலாமே.”

“எழுதியிருந்தா? வேற மெஷின் கொண்டாந்து டெஸ்ட் வச்சிருப்பாங்க. காது போறது தெரிஞ்சா உங்களை பிரஸ்ஸை விட்டு எடுத்திருப்பாங்க. கூட்டற வேலைக்குப் போட்டிருப்பாங்க, இல்ல வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. எந்தங்கச்சி சோத்துக்கு என்ன பண்ணியிருப்பா? உங்களுக்காகத்தான் மாப்ளே.”

“மத்த பத்து பேருக்கும் எனக்காகத்தானா? காது கேஸே இல்லாத கம்பெனின்னு வருஷா வருஷம் மேடையில ஏறிக் கேடயம் வாங்கினீங்களே, அதுவும் எனக்காகத்தானா?”

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பு கையும் களவுமாகப் பிடிபட்டால் சிலருக்கு வெட்கம் வரும், சிலருக்குக் கோபம்தான் வரும். “ஒவ்வொண்ணுலயும் உங்க கையெழுத்தும்தானே இருக்கு? டெஸ்ட் வைக்காம எதுக்குக் கையெழுத்துப் போடணும்னு ஒருநாளாவது கேட்டீங்களா? நீட்டினேன், போட்டீங்க. போட்டுட்டு டீ குடிக்கப் போனீங்க.”

அது உண்மை. அந்த உண்மைதான் எரநூறுக்கு மற்ற எல்லாவற்றையும்விடச் சுட்டது. “இறங்குங்க” என்றார். மச்சான் இறங்கி, கதவை அறைந்து சாத்தினார். தார்ப்பட்டை ஒட்டிய கதவு, சத்தமே வரவில்லை.

அடுத்த மூன்று வாரம் எரநூறுக்கு லோடு ஏற்றாத நேரமெல்லாம் ஒரே வேலை. பழைய பிரஸ் கூடத்து ஆட்களைத் தேடிப் போனார். வாட்ச்மேன் ஆனவர், காய்கறி விற்பவர், சும்மா இருப்பவர் என்று பத்துப் பேர். ஒவ்வொருவரையும் வண்டியில் ஏற்றி, அந்தச் சத்தத்தைப் போட்டு, விரலைத் தூக்கச் சொன்னார். பாட்டுக் கேட்கச் செய்த வண்டி ஆஸ்பத்திரி அறை மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது பேருடைய விரல் எரநூறின் விரல் இறங்கிய இடத்திலேயோ அதற்கு முன்னாலேயோ இறங்கிற்று. பத்தாவது ஆள் ஸ்டோருக்கு மாறிப் போயிருந்தவர். அவர் மட்டும் காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசியாகப் போனது நெட்டை வீட்டுக்கு. நெட்டை நூறு டன் பிரஸ்ஸில் நின்றவர், தொழிற்சாலையிலேயே எரநூறுக்கு நெருங்கிய சிநேகிதர். விரலை இறக்கியதும், “அவ்வளவுதானா?” என்றார். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எரநூறு சொன்னார். நெட்டை வாசலைப் பார்த்தார். அவருடைய மகள் வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நெட்டை எரநூறின் பக்கம் திரும்பினார். “எதுக்குடா சொன்னே?” என்றார்.

“தெரிய வேண்டாமா?”

“தெரிஞ்சு? புதுக் காது முளைக்குமா? என் பேரன் பேச ஆரம்பிச்சுட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. அவன் வாய்க்குள்ளேயே பேசறான், சின்னப் புள்ளைதானே, போகப் போகத் தெளிவாகும்னு காத்துக்கிட்டிருந்தேன். நிம்மதியாக் காத்துக்கிட்டிருந்தேன்டா.” கதவைத் திறந்து இறங்கினார். “இனிமே இந்த வண்டியை எடுத்துக்கிட்டு இங்க வராதே.”

நெட்டை விலகிக்கொள்ளவே, காது போன மற்ற எட்டு பேரோடு எரநூறு தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினாள். வேலையை விட்டு ஒரு வருஷத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். இவர்கள் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கம்பெனியோ இப்போது இல்லை. அதையும் தாண்டிப் போனால், காது நன்றாக இருக்கிறது என்று இவர்களே ஒப்பமிட்ட தாள்கள் இருக்கின்றன. “நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?” என்றாள். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “கத்தாதீங்கப்பா, இது என்ன சந்தையா?” என்றார். கத்துகிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எரநூறுக்கு மட்டும் அன்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மச்சான் வீட்டுக்குப் போக்குவரத்து நின்றது. மனைவி மட்டும் போய்வந்தாள். “எனக்கு நீங்களும் வேணும், அவரும் வேணும். நான் யாரை வெட்டிப் போட?” என்றாள். ஒருநாள் அங்கிருந்து திரும்பியவள் ஒரு சின்னப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். உள்ளே காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் ஒன்று இருந்தது.

“அண்ணன் குடுத்தாரு.”

“திருப்பிக் கொடுத்துடு.”

“லைசென்ஸ் புதுப்பிக்கப் போறீங்க. காது டெஸ்ட் வைப்பாங்க. இதில்லாம எப்படிப் பாஸ் பண்ணுவீங்க? அவங்க ஒண்ணும் பழைய நம்பரைப் பாத்து எழுத மாட்டாங்க.” சொல்லிவிட்டு அவளுக்கே அது உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். இவருக்கு விழவில்லை.

நான்கு நாள் பெட்டி மேஜைமேலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் மாட்டினார். வயிறு மானத்தைக் கேட்டுக்கொண்டா பசிக்கிறது? மாட்டியதும் உலகம் தகரத்தால் செய்ததுபோல் இருந்தது. தட்டு வைத்தால் காதில் குத்தியது. காகிதம் கிழிவது துணி கிழிவதுபோல் கேட்டது. மனைவி, “கேக்குதா?” என்றாள். கேட்டது. அவள் குரல் அவர் நினைவில் இருந்த குரலாக இல்லை. கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து, தெருக்கோடி ஆளைக் கூப்பிடுகிறவள் குரல் மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தும் காதில் விழாதவனிடம் பேசிப் பேசித்தான் அப்படி ஆகியிருந்தது.

லைசென்ஸ் கிடைத்தது. வண்டி ஓடிற்று. அதில் பாட்டுப் போட்டால் ஜாலரா கேட்டது. ஆனால் பாட்டோடு ஒட்டாமல், ஒரு ஓரமாக, யாரோ ஆணியைத் தரையில் கொட்டுவதுபோலக் கேட்டது. இரண்டு வாரம் பழகிப் பார்த்தார். அப்புறம் வண்டியில் பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார். எலக்ட்ரீஷியன் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பார். ஒவ்வொரு தடவையும் கடையில் யாராவது இருப்பார்கள்.

மழைக்காலத்தில் மனைவியின் சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினாள். பார்க்கப் போயிருந்தார்கள். கூடம் நிறைய உறவு. எரநூறு ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், இரண்டு வரிசை தள்ளி, மச்சான் யாரோ ஒரு சொந்தக்காரரிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“பாவம், நல்ல மனுஷன். காது சுத்தமாப் போயிடுச்சு. இப்ப மாட்டியிருக்காரு பாருங்க, அது நான் வாங்கிக் குடுத்ததுதான். தங்கச்சி புருஷனாச்சே, விட்டுட முடியுமா?”

அந்த மெஷின் வழியாக ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாக எரநூறின் காதில் வந்து விழுந்தது.

மனைவி எதிர்வரிசையில் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது, கெஞ்சுகிற பார்வையோடு இவரைப் பார்த்தாள். எரநூறு எழுந்திருக்கவில்லை, திரும்பவும் இல்லை. சித்தி ஏதோ கேட்டாள், அதற்குச் சரியான பதிலே சொன்னார். டீ வந்தது, வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, மழை விட்டிருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர் மாதிரி வெளியே போய், வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவி வரும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.